ஃபைல் எடுக்கப் போன நேரம்

எண்பது கிலோமீட்டர் வேகம் வரைக்கும் அந்தக் காரைப் போல அடக்கமான கார் கோலார் தங்கவயலிலேயே கிடையாது. எண்பதைத் தாண்டிவிட்டால் அதற்குப் பேய் பிடித்துவிடும்.

மைசூர் மைன்ஸில் மனோகர் வீட்டு வாசலில் நிற்கும் அந்தக் காருக்கு இருபத்திரண்டு வயது. வாங்கியபோது வெள்ளை, இப்போது புளித்த மோரின் நிறம். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போகும், ஃபாக்டரிக்குப் போகும், பங்காருபேட்டை ஸ்டேஷன் வரை போய்விட்டு முனகாமல் திரும்பும். சந்துக்குள் அரைமணி நேரம் நின்று ஓடிக்கொண்டிருந்தாலும் சூடு காட்டும் முள் பாதியிலேயே சாதுவாக உட்கார்ந்திருக்கும். பேத்தமங்களாவில் எக்ஸ்பிரஸ்வே ஏறி வேகம் எடுத்தால் மட்டும் முள் எழுந்து நடக்கத் தொடங்கும். ஐந்து நிமிடத்தில் சிவப்பு. ஆறாவது நிமிடம் பானட்டின் இரண்டு ஓரத்திலும் ஆவி. வண்டியை ஓரங்கட்டி, கொஞ்ச நேரம் ஆறவிட்டுத் திறந்து பார்த்தால் எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருக்கும். ஜூலையில் நூறைத் தாண்டினால்தான் இந்தக் கூத்து. செப்டம்பரில் தொண்ணூறு. இப்போது நவம்பர், எண்பதுக்கு வந்துவிட்டது. இப்படியே போனால் பொங்கலுக்கு மாட்டு வண்டியோடு போட்டி போடவேண்டியதுதான்.

மனோகர் சாதாரண ஆள் என்றால் இதை விதி என்று விட்டிருப்பார். அவரோ கனரக எந்திரங்கள் செய்யும் ஃபாக்டரியில் ஹைட்ராலிக் பிரிவில் இருபத்தெட்டு வருடமாக ஃபிட்டர். மாடி வீட்டு உயரம் நிற்கும் டம்பர் லாரிகளின் குழாய்களை எல்லாம் அவர் கை பார்த்து அனுப்பியிருக்கிறது. எந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தாலும் "எங்க டம்பருல" என்றுதான் ஆரம்பிப்பார். கல்யாண வீட்டில் சாம்பார் காரம் என்றாலும் அதற்கும் டம்பரில் ஓர் உதாரணம் வைத்திருப்பார். அப்படிப்பட்டவரின் சொந்தக் கார் நடுரோட்டில் ஆவி விட்டு நிற்பது ஊருக்குள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வெறும் அவமானம் என்றாலும் பரவாயில்லை. அவர் மனைவி ஷோபாவுக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போய் மூன்று வருடம் ஆகிறது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மனோகர்தான் முதலில் போய் நின்றார். சர்க்கரை இருக்கிறது, ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் சுனிதா நான் தருகிறேன் என்றாள், அதற்கு ஷோபா செத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றாள். பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். இறந்துபோன யாரோ ஒருவருடைய கிட்னி பொருந்தினால் போன் வரும். போன் வந்த மூன்று மணி நேரத்துக்குள் அங்கே போய் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். கிட்னி கொடுக்க முடியாத மனோகர், கொண்டுபோய்ச் சேர்ப்பதாவது என் பொறுப்பு என்று மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டார்.

போன் ஒருமுறை வந்தது. ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு.

மனோகர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பிடுகிற ஆள். இரண்டே நிமிடத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஷோபா காருக்குள் காலை வைத்தவள், "ஐயோ, ஃபைலு" என்று மறுபடி உள்ளே ஓடினாள். மூன்று வருட ரிப்போர்ட் எல்லாம் அதில்தான் இருந்தது, அது இல்லாமல் போய் பிரயோஜனம் இல்லை. எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எக்ஸ்பிரஸ்வே ஏறி நூற்றுப் பத்தில் போனார்கள். ஷோபா அன்றைக்குச் சிரித்தாள் என்பது மனோகருக்கு நன்றாக நினைவிருக்கிறது. கால் மணி நேரம் கழித்து முள் சிவப்பைத் தொட்டது.

வெட்டவெளி. ஆட்டோ வராது, பஸ் நிற்காது, பைக்கை அந்த ரோட்டில் விடமாட்டார்கள். ஆவி அடங்கட்டும், தண்ணீர் ஊற்றுகிறேன், பத்தே நிமிடம் என்றார் மனோகர். அந்தப் பத்து நிமிடத்தை ஐந்து முறை சொன்னார். யாரையாவது கூப்பிடலாமே என்று ஷோபா கேட்டதற்கு, "நான் ஃபிட்டரா இல்ல இன்னா?" என்று எரிந்து விழுந்தார். அப்புறம் நாற்பதில் உருட்டிக்கொண்டு போய், ஊசி குத்த இடமில்லாத டிராஃபிக்கில் நகர்ந்து, ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது மணி ஐந்தேகால். பட்டியலில் இரண்டாவதாக இருந்த மனிதரை உள்ளே கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

வாசலில் காத்திருந்த சுனிதா, "ஏம்பா இவ்ளோ லேட்டு?" என்று அழுதாள். அவள் அழுவதைப் பார்த்ததும் மனோகரின் வாய் தானாகவே ஒரு பதிலைத் தேடிக்கொண்டது.

"கார் நின்னது ஒரு பக்கம் இருக்கட்டும். கெளம்பறப்பவே லேட்டு. ஃபைல் எடுக்கறன்னு உள்ள போயி உங்கம்மா பதினஞ்சு நிமிசம் பண்ணிட்டா."

ஷோபா மறுக்கவில்லை. மறுக்காததால் அதுவே உண்மை ஆகிவிட்டது. விசாரிக்க வந்த சொந்தக்காரர்களிடமும் மனோகர் அதையே சொன்னார். நாலு பேரிடம் சொன்னபின் அவருக்கே அது நடந்ததுபோலத்தான் தோன்றியது. அன்றிலிருந்து ஷோபா அந்த ஃபைலை ஒரு துணிப்பையில் போட்டு வாசல் கதவுக் கொக்கியில் மாட்டி வைத்திருக்கிறாள். கொல்லைப்பக்கம் போனாலும் திரும்பி வரும்போது பை இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்ப்பாள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"அடுத்த தபா டாக்சிலதான் போவணும். இந்த வண்டி வோணாங்க."

அது மனோகருக்குச் சுருக்கென்று தைத்தது. கார் நல்லாகிவிட்டால் எல்லாம் நல்லாகிவிடும் என்று ஒரு பிடிவாதம் பிடித்துக்கொண்டது. சாம்பியன் ரீஃப்ஸில் ஷெட் வைத்திருக்கும் வால்டர் அவருக்குப் பள்ளிக்கூட நாள் சிநேகிதர். இரண்டு பேரும் நாலு மாதமாக அந்தக் காரைப் பிரித்து மேய்ந்தார்கள். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், போர் தண்ணி உப்பு அடைத்திருக்கும் என்று. அடைக்கவில்லை. தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுப் பார்த்தார்கள், அது சொன்ன நேரத்தில் வாயைத் திறந்தது. வாட்டர் பம்பு புதுசு. ரேடியேட்டர் மூடி புதுசு. ஃபேன் சுற்றியது. ஹெட் கேஸ்கெட்டில் ஓட்டையா என்று சோதித்தார்கள், அதுவும் இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஃபாக்டரி கேன்டீனில் ஒருவர் காருக்குத் திருஷ்டி கழிக்கச் சொன்னார், ஒரு பலவீனமான நேரத்தில் மனோகர் பூசணிக்காயும் வாங்கி உடைத்தார். அடுத்த ஞாயிறு மறுபடி ஆவி.

"எங்கியோ ஒரு எடத்துல வெடிப்பு கீது வால்டரு. வேகத்துல பிரஷர் ஏறுனா தொறக்குது, நின்னா மூடிக்குது" என்பார் மனோகர். கையை விட்டு ஒவ்வொரு ரப்பர் ஹோஸாகத் தடவுவார். ஹைட்ராலிக் வேலை செய்கிறவருக்கு ஹோஸ் என்றால் ஒரே பயம்தான், வெடிப்பது. வெடிக்காத ஹோஸ் நல்ல ஹோஸ். அவர் மட்டுமா, அந்த ஊரே அப்படித்தான். பம்பு என்றால் பாதாளத்திலிருந்து தண்ணீரை மேலே தள்ளுவது என்று மூன்று தலைமுறையாகப் பார்த்துப் பழகிய ஊர். தள்ளுகிற பக்கத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இழுக்கிற பக்கம் ஒன்று இருப்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலையில் மனோகர் கொல்லையில் பல் துலக்கப் போனார். தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஆணியில் ஒரு சுருள் கம்பி தொங்கும், ஒரு சாண் நீளம், மூன்று விரல் அகலம். அதில்தான் இரண்டு பேருடைய பிரஷ்ஷும், பேஸ்ட்டும், நாக்கு வழிக்கிற தகடும் செருகியிருக்கும். எங்கேயோ கிடந்ததை ஷோபா எடுத்து மாட்டியது. பிரஷ்ஷை உருவிக்கொண்டே அவர் முடிவு பண்ணினார், இன்றைக்குச் சூடான வண்டியை நிற்க வைத்தே ஆக்சிலேட்டரில் முறுக்கிப் பார்த்துவிடுவது என்று. வால்டர் ஏற்கெனவே ஷெட்டில் முறுக்கிப் பார்த்திருக்கிறார். ஆனால் அது ஆறிய எஞ்சின், அதுவும் ஒரு நிமிடம்தான்.

எக்ஸ்பிரஸ்வேயில் ஒரு ஓட்டம் ஓட்டி, முள் ஏறத் தொடங்கியதும் திரும்பி, கொதிக்கக் கொதிக்க வாசலுக்குக் கொண்டுவந்து பானட்டைத் திறந்தார். ஒருவர் ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடிக்கவேண்டும், ஒருவர் பார்க்கவேண்டும். வால்டர் சர்ச்சுக்குப் போயிருந்தார். ஷோபாவைத்தான் கூப்பிட்டார்.

"நீ உக்காந்து மிதி. நான் பாக்கறேன்."

"கால் இழுத்துக்கும்ங்க. நேத்துதான டயாலிசிஸ். நீங்க மிதிங்க, நான் பாக்கறேன். இன்னா பாக்கணும்னு சொல்லுங்க."

"தண்ணி எங்கியாவது சீறுதான்னு பாரு. கிட்ட குனியாத. ஃபேன் பக்கம் முந்தானையைக் கொண்டு போவாத."

"சத்தத்துல நான் கத்துனா உங்களுக்குக் கேக்காது."

"அப்ப தட்டு. உங்கப்பா பாஷைல."

ஷோபாவின் அப்பா மைசூர் மைன்ஸ் ஷாஃப்டில், சுரங்கத்துக்குள் ஆட்களைக் கொண்டுபோகும் கேஜ் ஏறி இறங்க மணி அடித்தவர். ஒரு மணி அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் உள்ளே ஆள் இருக்கிறார்கள், பார்த்து எடு. எஞ்சின் ரூமிலிருந்து அதே மணி திரும்பி வந்தால்தான் கேஜ் நகரும். வீட்டில் கதவைத் தட்டுவதும் அந்தக் கணக்கில்தான், ஷோபா அதில் வளர்ந்தவள்.

மனோகர் உள்ளே உட்கார்ந்து மிதித்தார். எஞ்சின் அலறியது. திறந்த பானட் கண்ணாடியை மறைத்துக்கொண்டிருந்ததால் அவருக்கு ஷோபாவின் புடவைக் கரை மட்டும்தான் தெரிந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மட்கார்டில் டங்கென்று ஒரு தட்டு விழுந்தது. அணைத்துவிட்டு ஓடி வந்தார்.

"எங்க சீறுச்சி?"

"சீறலைங்க. தோ இந்தத் தடி ஹோஸு, கீழ கீதே, அது சப்பிப் போச்சி."

மனோகர் குனிந்து பார்த்தார். ஹோஸ் உருண்டையாக, கருகருவென்று, கம்பீரமாக இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது ஹெவி வண்டிக்குப் போடற ஹோஸு ஷோபா. ஆனை ஏறி மிதிச்சாலும் வெடிக்காது."

"வெடிச்சிதுன்னு நான் சொன்னனா? சப்பிப் போச்சின்னுதான் சொன்னேன். மறுபடி மிதிங்க, போன்ல புடிச்சிக் காட்டறேன்."

மறுபடி மிதித்தார். மறுபடி ஒரு தட்டு. ஷோபா போனை நீட்டினாள். எஞ்சின் முறுக முறுக, அந்த ஹோஸ் வளைவில் மெல்ல ஒடுங்கியது. ஒடுங்கி, இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அட்டை டப்பா ஜூஸைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினால் டப்பா ஒட்டிக்கொள்ளுமே, அப்படி. எஞ்சின் நின்றதும் ஒன்றுமே நடக்காததுபோல மூச்சு விட்டு உருண்டையாகியது. வேகமாகச் சுற்றும் பம்பு ரேடியேட்டரிலிருந்து தண்ணீரை இழுக்கிறது, சூட்டில் இளகிய ஹோஸ் அந்த இழுப்புக்குத் தாங்காமல் வழியை அடைத்துக்கொள்கிறது, எஞ்சினுக்குத் தண்ணீர் போவதில்லை. ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொன்னாலும் புரியும்.

மனோகருக்குப் புரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் புரிந்தது.

அந்த ஹோஸைப் போட்டது அவர்தான். ஜூன் மாதம் ஆஸ்பத்திரியில், உங்கள் முறை நெருங்குகிறது, தயாராக இருங்கள் என்றார்கள். அவசரத்துக்கு ஓடவேண்டிய கார், நடுவழியில் ஹோஸ் கீஸ் வெடித்துவிட்டால் என்ன பண்ணுவது என்று, நன்றாக இருந்த பழைய ஹோஸை அவரே கழற்றினார். ராபர்ட்சன்பேட்டையில் பெரிய எந்திரங்களுக்கு விற்கும் கடையில் தடித்த நேர் ஹோஸாக வாங்கி, வளைத்து, இரட்டைக் கிளிப் போட்டு முறுக்கினார். பழைய ஹோஸுக்குள் ஒரு சுருள் கம்பி இருந்தது. ஹோஸ் சப்பிப்போகாமல் உள்ளிருந்து தாங்குவதற்காக வைத்தது. துருப் பிடித்திருந்தது. எங்க டம்பரில் இப்படி ஒன்று கிடையாதே, தண்ணிக்குக் குறுக்கே இது எதற்கு என்று உருவிக் கீழே போட்டார். "இத்த தூக்கிப் போடறதாங்க?" என்று ஷோபா கேட்டதும், "வேஸ்ட்டு" என்று இவர் சொன்னதும் அப்படியே காதில் கேட்டது.

"இன்னாங்க, இதுவா காரணம்?" என்று இப்போது ஷோபா கேட்டாள்.

"இருக்கும். ஹோஸ் பழசாயிடுச்சி. மாத்திடறேன்."

பொய் சொல்ல அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதை நினைத்து அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? ஜூலையில் கிடைத்திருக்க வேண்டியதைக் கெடுத்தது நான்தான், இந்தக் கையால்தான் என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டு அதே வீட்டில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடவேண்டும். ஹோஸ் பழசு என்பதே இருந்துவிட்டுப் போகட்டும், அவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தார். நினைத்ததற்கு வெட்கப்பட்டார். வெட்கப்பட்டுக்கொண்டே அப்படியே விட்டார்.

மறுநாள் விடிந்ததும் ஷோபா எழுவதற்கு முன் கொல்லைக்குப் போய் ஆணியிலிருந்து கம்பியைக் கழற்றினார். பிரஷ்களை ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டு வைத்தார். கம்பியைத் தேய்த்துத் துருவை எடுத்து, துணியில் சுற்றிக்கொண்டு வால்டர் ஷெட்டுக்குப் போனார். பங்காருபேட்டை ஸ்பேர் கடையிலிருந்து அந்தக் காருக்கே உரிய வளைந்த ஹோஸை வால்டர் வரவழைத்துக் கொடுத்தார். மனோகர் கம்பியை அதற்குள் செருகுவதைப் பார்த்துவிட்டு வால்டரின் கை நின்றது.

"இது எங்க இருந்துச்சி மனோ?"

"வீட்டுல."

"நீயா எடுத்த?"

மனோகர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். வால்டர் ஸ்பானரைத் துடைத்தார்.

"அந்த ஹோஸை நாலு தபா பாத்தேன்பா. மாத்தலாமான்னுகூட தோணுச்சி. ஃபாக்டரி ஃபிட்டர் கைவேலையாச்சே, நாம இன்னாத்தக் குத்தம் சொல்றதுன்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு, "ஷோபாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"கிளிப்பை எடு" என்றார் மனோகர்.

புதன்கிழமை தனியாக எக்ஸ்பிரஸ்வேயில் ஏறினார். எண்பது. நூறு. நூற்றுப் பத்து. முள் பாதியைவிட்டு அசையவில்லை. ஜூலையில் நின்ற அதே இடத்தில் வண்டியை ஓரங்கட்டி முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலு மாதமாக இந்த நிமிடத்துக்காகத்தான் ஏங்கியிருந்தார். சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. பக்கத்தில் விர்ரென்று போன வண்டிகளுக்கு அது தெரியாததால் நன்றாகவே அழுதார்.

வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்குப் போன் வந்தது.

மனோகருக்குச் செகண்ட் ஷிஃப்ட், வீட்டில் இருந்தார். போனை எடுத்தது ஷோபா. மறுமுனையில் ஆஸ்பத்திரிப் பெண் கன்னடத்தில் பேசினாள். ஷோபா "ஹௌது மேடம், ஹௌது" என்று ஆமாம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஒண்ணே முக்காலுக்குள்ள வரச் சொல்றாங்க. இந்தத் தபாவும் நாமதான் மொதல்ல."

சொல்லிக்கொண்டே கொக்கியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டி, டாக்சிக்காரனுக்குப் போன் போட்டாள். அவன் ஒரு சவாரியை இறக்கிவிட்டு பங்காருபேட்டையில் நின்றுகொண்டிருந்தான். நாற்பது நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்றான்.

"நாப்பது நிமிசம்லாம் ஆவாது. வண்டி ரெடியா கீது ஷோபா, ஏறு."

"ஜூலைலயும் ரெடின்னுதான் சொன்னீங்க."

"இப்ப நெஜமா ரெடி. ஹோஸ் மாத்திட்டேன்."

"மாத்துனீங்க. ரேடியேட்டர் கழுவுனப்பவும் அப்பிடித்தான் சொன்னீங்க. பம்பு மாத்துனப்பவும் அப்பிடித்தான். ஹோஸ் பழசாயிடுச்சின்னீங்க, அது ஜூன் மாசம்தான போட்டீங்க? அஞ்சு மாசத்துல எப்பிடிப் பழசாவும்?" அவள் குரல் உயர்ந்தது. "நான் டாக்சிக்கே நிக்கறேன். மறுபடி அந்த ரோட்டுல நிக்கறதுக்கு என்னால முடியாதுங்க."

மனோகர் வாசலில் நின்றார். அவள் சொல்வது நியாயம். இந்தக் காரை அவள் நம்பவேண்டும் என்றால், அது ஏன் கெட்டது என்று தெரியவேண்டும். அது தெரிந்தால் அப்புறம் அவரை நம்பமாட்டாள். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். நிமிடம் போய்க்கொண்டிருந்தது.

"ஹோஸ் பழசில்ல" என்றார். "நல்ல ஹோஸை எடுத்துட்டு நான்தான் அத்தப் போட்டேன். உள்ள ஒரு கம்பி இருந்துச்சி. அது இருந்தாத்தான் சப்பாது. நான் உருவிப் போட்டுட்டேன்."

"எந்தக் கம்பி?"

"நீ பிரஷ் வெச்சிருந்தியே, அது."

ஷோபா அவரையே பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு மீதியையும் சொன்னார்.

"அன்னைக்கு வண்டி நின்னது என்னாலதான் ஷோபா. ஞாயித்துக்கெழமையே தெரிஞ்சிடுச்சி. சொல்லத் தைரியம் வரல."

"அஞ்சு மாசமா தெனம் அதுலருந்துதான் உங்களுக்கு பேஸ்ட் எடுத்துக் குடுத்துக்கினு இருந்தேன்" என்றாள் ஷோபா. கத்துவாள் என்று எதிர்பார்த்தார், கத்தவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. "இப்ப எங்க கீது அது?"

"புது ஹோஸுக்குள்ள. நேத்து நூத்திப் பத்துல போயிட்டு வந்தேன். நின்ன எடத்தைத் தாண்டி ஓசகோட்டை வரைக்கும். முள்ளு அசையல."

அவள் டாக்சிக்காரனுக்கு மறுபடி போன் போட்டு, வேண்டாம் என்று சொன்னாள். பிறகு அவரைத் தாண்டிப் போய் காரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். முப்பது வருடத்தில் அவள் அவருக்குப் பக்கத்தில் உட்காராமல் பின்னால் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். மனோகர் ஏறி வண்டியை ஸ்டார்ட் செய்தார். அவசரத்தில் கியர் விழவில்லை. இரண்டாவது முறையும் விழவில்லை.

அவர் சீட்டின் முதுகில் மூன்று தட்டு விழுந்தது. நிதானமாக, ஒவ்வொன்றாக.

மனோகர் ஸ்டீயரிங்கில் மூன்று முறை திருப்பித் தட்டினார். கியர் விழுந்தது.

பேத்தமங்களா தாண்டி எக்ஸ்பிரஸ்வே ஏறினார்கள். எண்பது வந்தது. நூறு வந்தது. முள் பாதியில் இருந்தது. ஜூலையில் நின்ற இடம் வந்தபோது கண்ணாடியில் பார்த்தார். ஷோபா முள்ளைப் பார்க்கவில்லை, மடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் பின்னால் போய்விட்டது.

"இன்னாங்க" என்றாள்.

"சொல்லு."

"அன்னைக்கு இந்த ஃபைல எடுக்க நான் உள்ள போனேன் இல்ல. எவ்ளோ நேரம் ஆச்சி?"

எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் அந்தக் கணக்கை.

"ஒரு நிமிசம். அது கூட ஆயிருக்காது."

ஷோபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது கண்ணாடியில் தெரிந்தது. நாலு மாதமாக அந்தப் பதினைந்து நிமிடத்தை அவள் எப்படிச் சுமந்திருப்பாள் என்று மனோகருக்கு அப்போதுதான் உறைத்தது. மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"சுனிதா கேட்டாண்ட நின்னுக்கினு இருப்பா. நாம எறங்குனதும் அவகிட்ட அதச் சொல்லுங்க. என் எதிர்ல சொல்லுங்க. அத்தச் சொல்லிட்டு அப்பால வண்டியைப் பார்க் பண்ணுங்க."

"சரி" என்றார் மனோகர்.

மணி பன்னிரண்டாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. எதிரே, எக்ஸ்பிரஸ்வே முடியும் ஓசகோட்டைக்கு இறங்கும் வழிக்கான பலகை தெரிந்தது. அவர் வேகத்தைக் குறைத்து இடது பக்கம் வந்தார்.